பிள்ளக்காம்பராவுல இங்கிலீஷ்: தலவாக்கலை பக்கத்து தோட்டம் ஒண்ணுல நடந்த கதை

தோட்டத்து பேரும் போடல, இந்த இங்கிலீஷ் கிளாஸ நடத்துற அக்காவோட பேரும் போடல, அவங்களே வேணாம்னுட்டாங்க. இலங்கை மலையகத்துல தலவாக்கலையில இறங்கி திரீவீல் புடிச்சு மேல போனா வர்ற ஒரு டிவிஷன்னு வச்சுக்கோங்க. லயம்னு சொல்ற வரிசை வீடு கொஞ்சம், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கடை, ஒரு பிள்ளக்காம்பரா. பகல்ல அங்க கைப்புள்ளைங்கள பாத்துக்குவாங்க, அம்மாமாரு தேயிலை கொழுந்த எடை போட்டுட்டு வந்து புள்ளைங்கள தூக்கிட்டு போனதும் பூட்டிடுவாங்க, அப்பறம் மறுநாள் காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டு வரைக்கும் அந்த கட்டடம் சும்மாத்தான் கெடக்கும். அந்த நேரத்துலதான் அக்கா கிளாஸ் வைக்கிறாங்க. ஏஎல் பரீட்சை முடிச்சவங்க, பகல்ல அதே பிள்ளக்காம்பராவுல ஒத்தாசைக்கு இருக்காங்க. நான் ஹட்டன் பக்கம் ஒரு ஸ்கூல்ல இங்கிலீஷ் படிச்சு குடுக்கிறேன், அவங்க எனக்கு தூரத்து சொந்தம், லீவு நாள்ல போய் உக்காந்து பாத்ததையும் அவங்க கொப்பியில எழுதி வச்சிருந்ததையும் வச்சுத்தான் இத எழுதுறேன்.

வர்றது பெரும்பாலும் மூணாம் வகுப்புல இருந்து ஆறாம் வகுப்பு வரைக்கும் பதினஞ்சு இருவது புள்ளைங்க, மழை பெஞ்சா பாதி.

மொதல்ல இந்த புள்ளைங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சுன்னு சொல்லணும், ஏன்னா ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா அது பொய். ஏ-ல இருந்து இஸட் வரைக்கும் மூச்சு விடாம சொல்லுவாங்க. 'மைசெல்ஃப்'னு ஒரு கட்டுரை, பேரு வயசு ஸ்கூல் பேரு எல்லாம் வரிசையா, மனப்பாடம். ஆனா நடுவுல நிறுத்தி 'ஹவ் மெனி பிரதர்ஸ்?'னு கேட்டா முழிப்பாங்க, சில புள்ளைங்க திரும்ப மொதல்ல இருந்து 'மை நேம் இஸ்'னு ஆரம்பிச்சிடும். நம்ம நாட்டு பாடத்திட்டத்துல ஒண்ணு ரெண்டாம் வகுப்புல புத்தகம் இல்லாம செயற்பாட்டோட பேச்சு இங்கிலீஷ்னும், மூணாம் வகுப்புல இருந்துதான் புத்தகம்னும் வச்சாங்க, 1990கள் கடைசியில வந்த சீர்திருத்தம் அது, யோசிச்சவங்க நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க. ஆனா ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மட்டும் இருக்கிற சின்ன தோட்டத்து பள்ளிக்கூடத்துல இங்கிலீஷுக்குன்னு தனியா ஒரு டீச்சர் வந்து நின்னாத்தானே அது நடக்கும், ஒரு வருஷம் இருப்பாங்க, மறு வருஷம் டிரான்ஸ்ஃபர்.

அதுக்கு மேல இன்னொரு இங்கிலீஷும் தெரிஞ்சிருந்துச்சு. ஹட்டன் ரோட்டுல சென்கிளயர் நீர்வீழ்ச்சிய பாக்க வெள்ளைக்காரங்க வேன நிப்பாட்டுவாங்கல்ல, அங்க போய் 'ஹலோ, ஸ்கூல் பென்!'னு கைய நீட்டுறது. அது பெரியவங்க முன்னாடி பேசாத இங்கிலீஷ். அக்காவுக்கு அத கேட்டா ஆகாது. அவங்க கிளாஸ் ஆரம்பிச்சதுக்கு பாதி காரணம் அந்த கோவந்தான்னு நான் நெனைக்கிறேன்.

இதுக்கு முந்தி கொழும்புல இருந்து ஒரு குழு கொஞ்ச காலம் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து போயிருக்கு. நல்ல மனுசங்க. கலர் பென்சில், படம் ஒட்டின அட்டை, ஆடிப்பாடுற பாட்டு, போன்ல கார்ட்டூன், எல்லாம் கொண்டாந்தாங்க, புள்ளைங்க சனிக்கிழமை எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்துச்சுங்க. சிரிப்பு சத்தம் கோயில் வரைக்கும் கேட்டுச்சுன்னு சொன்னாங்க. ஆனா அவங்க வரத்து நின்னதுக்கப்பறம் அக்கா கேட்டு பாத்தா, பாட்டு அப்பிடியே ஞாபகம் இருக்கு, பாட்டுக்குள்ள இருக்கிற ஒரு சொல்ல எடுத்து தனியா பேச ஒரு புள்ளைக்கும் வரல. கலர் அடிக்கிறப்ப பக்கத்துல இருக்கிறவன்கிட்ட பச்ச பென்சில தமிழ்லதானே கேக்குறான்? அதுதான் விஷயம். வெளையாட்டு இங்கிலீஷ் இல்லாமலே நல்லா ஓடுச்சு, அதனால இங்கிலீஷ் உள்ள வரவே இல்ல. 'ஜாலியா படிக்கலாம்'னு போடுற விளம்பரம் முக்காவாசிக்கும் இதே கோளாறுதான், ஜாலி ஒரு பக்கம் நடக்கும் படிப்பு ஒரு பக்கம் நிக்கும்.

அக்காவுக்கு வழி கெடைச்சது கிரிக்கெட்டுல. ஸ்டோருக்கு, அதான் தேயிலை ஃபேக்டரிக்கு, பின்னாடி கொஞ்சம் தட்டையான எடம் இருக்கு, பொடியனுங்க பலகைய மட்டையா செதுக்கி வச்சு ஆடுவானுங்க, அதுல ஒருத்தன் ஆடுறதே இல்ல, ஓரமா நின்னு கொமென்ட்ரி மட்டும் குடுப்பான். டிவியில கேட்டத அப்பிடியே: 'இன் த எயார்... கேட்ச் இட்... ஓ, டிரொப்ட்!' யாரும் சொல்லிக் குடுக்கல. அவனோட ஸ்கூல் ரிப்போர்ட்டுல இங்கிலீஷுக்கு என்ன மார்க்குன்னு கேட்டா சிரிப்பீங்க. அக்கா அங்க உக்காந்து அவன் சொன்னத எல்லாம் கொப்பியில எழுதி எடுத்துட்டு வந்து, மறுநாள் ஒரு சட்டம் போட்டாங்க: அம்பயர் சொல்றது இங்கிலீஷ்ல இருந்தாத்தான் செல்லும், ஓடுறவன் 'யெஸ்', 'நோ', 'வெயிட்' சொல்லாம ஓடினா அந்த ரன் கணக்குல இல்ல, அவுட் இல்லன்னு சண்ட போடணும்னா சண்டையும் இங்கிலீஷ்ல. சண்டைக்காகவே சொல்லு தேடி வந்தானுங்க. 'இட் டச் த கிரவுண்ட்'னு ஒருத்தன் கத்தினான், 'டச்ட்'னு வரணும்தான், ஆனா அந்த நேரத்துல எவன் திருத்துவான்.

அதுக்கப்பறம் எந்த வெளையாட்ட எடுத்தாலும் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க: வாய தொறக்காமலே இத வெளையாடி முடிச்சிட முடியுமா? முடியும்னா அது வேணாம், இல்லாட்டி வாய தொறந்தாத்தான் நகரும்ங்கிற மாதிரி மாத்து.

தொரை ஆட்டம்

சொன்னத செய்யிற ஆட்டம் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தர் கட்டளை போடுவார், 'டச் யுவர் நோஸ்', 'ஜம்ப்', 'டேர்ன் அரவுண்ட்', பேரு சொல்லி சொன்னா மட்டும் செய்யணும், சொல்லாம செஞ்சா அவுட். கேட்டு ஒடம்ப அசைச்சு படிச்சா சொல்லு நிக்கும்னு ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்க மனோதத்துவ பேராசிரியர் 1960கள்லயே சொல்லி ஒரு முறையா கொண்டாந்தார். பேச பயப்புடுற புள்ளைக்கு இது நல்ல வாசல், ஏன்னா பேச வேண்டியதில்ல, செஞ்சா போதும். இங்க தோட்டத்து மேனேஜரத்தான் தொரைன்னு சொல்லுவோம், அதனால 'தொரை செஸ்', அதாவது தொரை சொல்றார்னு பேரு வச்சாங்க. 'தொரை செஸ், பிக் அப் த பாஸ்கெட்!' 'தொரை செஸ், பிளக் டூ லீவ்ஸ்!' தோட்டத்து புள்ளைங்களுக்கு வேற யாரு கட்டளை போடுவா.

ஒரு நாள் வாசல்ல உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருந்த அப்பாயி ஒண்ணு இத பாத்துட்டு, 'ஏம்மா, நாங்கதான் தொரை சொல்லுக்கு குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு, இதுங்களுக்கும் அதையேதான் பழக்குறியா'ன்னு கேட்டுச்சு. அக்கா பதில் பேசல. மறுநாள் ஆட்டத்த திருப்பி போட்டாங்க: புள்ளைங்க ஒவ்வொண்ணா தொரை, அக்காதான் கூலியாளு. இப்ப பாருங்க கூத்த. 'அக்கா, சிட்! அக்கா, ஸ்டாண்ட்! அக்கா, ரன்! ரன்! டோன்ட் ஸ்டாப்!' அக்காவ ஓட விடுறதுக்காக வீட்டுல போய் அண்ணன்கிட்ட 'முட்டி போடுறதுக்கு இங்கிலீஷ்ல என்னண்ணே'ன்னு கேட்டு படிச்சுட்டு வந்திருக்கு ஒரு புள்ள. ஆஷரோட முறையில மொதல்ல கேட்டு செய்யிறது, வாய் தானா தொறக்கிறப்ப புள்ளைங்க கட்டளை போடுறது. அந்த ரெண்டாவது கட்டத்துலதான் இங்க பேச்சு வந்துச்சு, அதுக்கு வழி காட்டுனது வெத்தல போட்ட அப்பாயி.

ரெண்டாவது ஆட்டம் ரயில். பதுளை லைன் நம்ம புள்ளைங்களுக்கு மனப்பாடம், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டன், ரதெல்ல, நானுஓயா... பெஞ்ச ரெண்டு வரிசையா போட்டா பொடி மெனிக்கே ரயில் ரெடி. ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு அட்டை, அதுல போற ஊரும் போற காரணமும் படமா இருக்கும், அடுத்தவங்களுக்கு காட்டக்கூடாது. டிக்கெட் குடுக்கிறவர் 'வேர் ஆர் யூ கோயிங்?'னு கேக்கணும், அப்பறம் 'வை?'. கேக்காம அவருக்கு தெரியாது, சொல்லாம இவருக்கு டிக்கெட் இல்ல. இலங்கையிலயே ஒசரத்துல இருக்கிற ஸ்டேஷன் பட்டிப்பொல, அங்க போற அட்டை யாருக்கு வந்தாலும் 'இட்ஸ் வெரி கோல்ட்'னு சொல்லி நடுங்கி காட்டணும்னு அவங்களா ஒரு சட்டமும் சேத்துக்கிட்டாங்க.

கடை ஆட்டத்த பத்தி நீட்ட வேண்டியதில்ல, மலிபன் பிஸ்கட் பேக்கட், அங்கர் பால்மா பெட்டி, சவுக்கார கவர் எல்லாம் காலியானதா சேத்து வச்சு விக்கிறது, நம்ம நாட்டு பேக்கட்டுல மூணு மொழியிலயும் எழுதியிருக்கிறதால வாசிக்கவும் ஆச்சு. வெலைய கடைக்காரர் ஒளிச்சு வச்சிருப்பார், கேட்டாத்தான் தெரியும். புள்ளைங்க 'டூ மச்! டூ மச்!'னு பேரம் பேசுறத கேக்கணும், விலைவாசி அவங்களுக்கும் தெரியும்ல.

சத்தம்

நான் அதிகமா கூட இருந்தது இந்த எடத்துலதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நாலாம் வகுப்பு பொடியன் ஒருத்தன் கேட்டான்: 'டீச்சர், க, ட, ல் சேந்தா கடல்னு வருது. சி, ஏ, டி சேந்தா சியேடின்னுதானே வரணும், எப்பிடி கேட்னு வந்துச்சு?' ரொம்ப நியாயமான கேள்வி. தமிழ்ல எழுத்தோட பேரும் சத்தமும் ஏறக்கொறைய ஒண்ணு, அந்த நம்பிக்கையிலதான் புள்ள இங்கிலீஷ் எழுத்து பக்கம் வருது. அங்க 26 எழுத்த வச்சுக்கிட்டு 44 சத்தம் போல ஓட்டுறாங்க, எழுத்தோட பேரு ஒண்ணு, அது போடுற சத்தம் வேற. இத யாரும் சொல்லாம விட்டா புள்ள தனக்குத்தான் மூளை இல்லன்னு நெனைச்சுக்கும். அதனால ஏ, பி, சி, டி வரிசைய கொஞ்ச நாளைக்கு மூட்ட கட்டி வச்சிட்டு, சத்தத்துல இருந்து ஆரம்பிச்சோம், எஸ், ஏ, டி, ஐ, பி, என் இந்த ஆறும் மொதல்ல. ஃபொனிக்ஸ்னு, எழுத்தோட சத்தத்த வச்சு வாசிக்க சொல்லிக் குடுக்கிறவங்க நெறைய பேர் இந்த ஆற வச்சுத்தான் தொடங்குவாங்க, காரணம் லேசானது, இந்த ஆற வச்சே டின், பின், டிப், சிட், பேன், நேப்னு நெறைய சின்ன சொல்லு எழுதி வாசிச்சிடலாம். எஸ்ஸுக்கு பாம்பு மாதிரி சீறணும், டிக்கு நாக்க மேல தட்டணும். சீறி சீறி பிள்ளக்காம்பராவே பாம்புப் புத்தாட்டம் ஆயிருச்சு.

எஸ் சீற கத்துக்கிட்டதுல ஒரு உபரி லாபம். நம்மாளுங்க 'இஸ்கூல்', 'இஸ்டோர்'னு முன்னாடி ஒரு இ போட்டுத்தான் சொல்லுவோம், ரெண்டு மெய் சேந்து மொதல்ல வர்றது நம்ம வாய்க்கு பழக்கமில்ல. தப்புன்னு அதட்டினா போகாது. மொதல்ல நல்லா சீறு, மூச்சு முடியிற நேரம் 'கூல்'னு போடு, ஸ்ஸ்ஸ்ஸ்கூல். சீறல கொறைச்சுக்கிட்டே வந்தா இ காணாம போயிடும்.

பெரிய தலவலி பி சத்தம் ரெண்டும். பேனாவுக்கு சொல்ற பென்னும், பேருல வர்ற பென்னும் தமிழ்ல எழுதினா ஒண்ணுதான், பாருங்க இங்கயே என்னால எழுதி காட்ட முடியல. புள்ளைங்களுக்கு இந்த வித்தியாசமே வராதுன்னு சொல்ற டீச்சர்மாரு உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். பம்பரம்னு ஒரு தடவ சத்தமா சொல்லி பாருங்க. மொத ப வேற, மகரத்துக்கு பின்னாடி வர்ற ப வேற. தொண்டையில வெரல வச்சு சொன்னா ரெண்டாவதுல அதிர்வு நல்லா தெரியும். பால்னு சொல்லு, பஸ்ஸுனு சொல்லு, ரெண்டும் ஒரே எழுத்து, வாய் ரெண்டையும் வேற வேற மாதிரித்தான் சொல்லுது. அப்ப புள்ளைக்கு சத்தம் தெரியும், எந்த எழுத்துக்கு எதுன்னுதான் தெரியல. பம்பரத்த கையில குடுத்து, சுத்திக்கிட்டே சொல்ல வச்சோம். அப்பறம் வாய்க்கு முன்னாடி மெல்லிசு கடதாசி துண்ட புடிக்க சொல்லி, 'பென், பேப்பர், பார்க்'னு பேனா பி சொல்லும்போது கடதாசி துள்ளணும், பஸ்ஸு பி சொல்லும்போது சும்மா இருக்கணும். தமிழ் ப-வுக்கு அவ்வளவா காத்து வராது, அதனால மொத நாள் ஒருத்தருக்கும் துள்ளல, எச்சில்தான் தெறிச்சுச்சு. யாரு கடதாசி ஒசர துள்ளுதுன்னு போட்டியானதும் வந்துருச்சு.

உச்சரிப்ப பத்தி எனக்கும் அக்காவுக்கும் ஒரு தகராறு உண்டு. அவங்களுக்கு டிவி நியூஸ் வாசிக்கிறவங்க மாதிரி வரணும்னு ஆச. எனக்கு அது தேவையில்லன்னு தோணுது, கேக்குறவருக்கு வெளங்கினா போதும், மலையகத்து வாசம் இங்கிலீஷ்லயும் அடிச்சா என்ன இப்ப. ஆனா பேனாவும் பேரும் குழம்பக்கூடாது, அது வெளங்குறது சம்பந்தப்பட்டது.

பேசாத புள்ள

கடைசி லயத்துல இருந்து வர்ற ஒரு பொட்டப்புள்ள மாசக்கணக்கா வாயே தொறக்கல. வரும், ஓரமா உக்காரும், தொரை ஆட்டத்துல சொன்னத எல்லாம் பிழையில்லாம செய்யும், அதனால வெளங்குதுன்னு தெரியும், ஆனா பேச்சு இல்ல. புது மொழி ஒண்ணுக்குள்ள போற புள்ளைங்க கொஞ்ச காலம் கேட்டுக்கிட்டே இருந்துட்டு அப்பறமாத்தான் பேசும்னு படிச்சவங்க சொல்றது உண்டு. அக்கா அத படிச்சதில்ல, 'அது வாய் அது, அது தொறக்கும்போது தொறக்கட்டும்'னாங்க, அவ்வளவுதான். ரயில் ஆட்டத்துல அதுக்கு டிக்கெட் செக் பண்ற வேல குடுத்தாங்க, பேச வேணாம், அட்டையில ஓட்ட போட்டா போதும். சின்ன அதிகாரந்தான், ஆனா அதிகாரம். ஒரு நாள் அந்த கொமென்ட்ரி பொடியன் டிக்கெட் இல்லாம ஏறி உக்காந்துட்டான். புள்ள ரெண்டு தடவ கைய நீட்டுச்சு, அவன் சிரிச்சான். 'நோ டிக்கெட்! கெட் டவுன்!' தோட்டமே கேக்குற மாதிரி. பொடியன் எந்திரிச்சு ஓடிட்டான். அன்னைக்கு யாரும் கை தட்டி அத வெக்கப்பட வைக்கல, அக்கா முன்கூட்டியே அத சொல்லி வச்சிருந்தாங்க, அது நல்ல வேல.

பெத்தவங்க

கஷ்டம் புள்ளைங்களால வரல. 'கொப்பியில ஒண்ணுமே எழுதலயேம்மா, என்னதான் படிச்சு குடுக்குற?' இதுதான் வாராவாரம் வந்த கேள்வி. நாள் பூரா மலையில நின்னு வந்த ஒரு அம்மாவுக்கு, புள்ள படிக்குதுங்கிறதுக்கு கண்ணுல படுற ஒரே அத்தாட்சி கொப்பிதான், அவங்கள கொற சொல்ல முடியாது. அதுலயும் அஞ்சாம் வகுப்புன்னா ஸ்கொலர்ஷிப் பரீட்சை, அது வந்துட்டா வேற பேச்சே கெடையாது, வெளையாட்டுன்னு சொன்னாலே மொறைப்பாங்க. அக்கா ஒரு சமரசம் பண்ணாங்க, கடைசி பத்து நிமிஷம் அன்னைக்கு பேசினதுல மூணு வசனம் கொப்பியில எழுதி, கீழ படம் வரையணும், வீட்டுல அம்மாவுக்கு வாசிச்சு காட்டணும். 'ஐ ஆம் கோயிங் டு நானுஓயா'ன்னு புள்ள வாசிச்சா அம்மாவுக்கு நானுஓயாவாவது வெளங்கும்ல. மொறைப்பு கொறைஞ்சுச்சு. ரெண்டு அம்மா இப்ப கதவு பக்கத்துல நின்னு கேட்டுட்டு போறாங்க, உள்ள வாங்கன்னா வெக்கம்.

பலிக்காத விஷயமும் இருக்கு. ஜெயிச்சா டொபின்னு ஆரம்பத்துல ஒரு பழக்கம் இருந்துச்சு, டொபி தீந்த அன்னைக்கு ஆட்டமும் தீந்துச்சு, விட்டுட்டாங்க. போன்ல ஆப் வச்சு படிக்கிறது டேட்டாவும் சிக்னலும் இல்லாத எடத்துல பேச்சுக்கே எடமில்ல. ஏழாம் எட்டாம் வகுப்பு பொடியனுங்க சின்னதுங்களோட சேந்து சீற மாட்டேன்னு நின்னுட்டானுங்க, அவனுங்கள அம்பயராவும் ஸ்டேஷன் மாஸ்டராவும் போட்டதுல ரெண்டு மூணு பேரு தங்கினாங்க, மத்தவங்க வரல. ஜூன் ஜூலை மழையில வர்ற எண்ணிக்கை விழுந்துடும், அந்த பாதையில ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி வேற.

பலன எப்பிடி பாத்தோம்னா, ஆரம்பத்துல ஒரு சந்தைப் படத்த காட்டி 'டெல் மீ'ன்னு கேட்டு போன்ல ஒலிப்பதிவு பண்ணி வச்சிருந்தோம். அதே படத்த பல மாசம் கழிச்சு திரும்ப காட்டினோம். முந்தி 'போய்... டோக்... பனானா'ன்னு சொல்லு சொல்லா நின்னது, இப்ப 'த மேன் இஸ் செல்லிங் பனானா, த டோக் இஸ் கோ, ஹீ இஸ் ஆங்ரி'ன்னு ஓடுது. இலக்கணம் ஓட்ட ஒடிசல்தான். டேர்ம் டெஸ்ட் மார்க்குல பெரிசா ஏறல, அதையும் சொல்லிடணும், ஏன்னா அந்த பேப்பர்ல பேச்சுக்கு எடமே இல்ல. எழுத்துக்கூட்டி வாசிக்கிறது மட்டும் நல்லா ஏறியிருக்கு, அது சத்தத்துல செஞ்ச வேலைக்கு வந்த கூலின்னுதான் நான் சொல்லுவேன். நீர்வீழ்ச்சி பக்கம் வேன் நின்னா இப்பவும் போறாங்க. பேனா கேக்குறத விட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். 'வேர் ஆர் யூ ஃபுரொம்?'னு மொதல்ல கேட்டுட்டு கேக்குறாங்க, ஒருத்தன் வெள்ளைக்காரர்கிட்ட 'டூ மச்'னு என்னத்தையோ பேரம் பேசினதா கேள்வி.

செலவுன்னு பாத்தா கடையில ஓசியில வாங்கின காட்போர்ட் பெட்டி, மார்க்கர், கொப்பி, அவ்வளவுதான்.

போன தவணை லீவுல பக்கத்து ஸ்கூல் இங்கிலீஷ் டீச்சர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, ரயில் அட்டைய எல்லாம் போட்டோகொப்பி எடுத்துக்கிட்டு போனாங்க. அவங்க வகுப்புல நாப்பது பேரு, ஒரு பாடம் நாப்பது நிமிஷம், ஆளுக்கு ஒரு தடவ டிக்கெட் கேட்டா மணி அடிச்சிடும். அதனால பெஞ்சுக்கு ஒரு ஸ்டேஷன், எல்லா பெஞ்சும் ஒரே நேரத்துல டிக்கெட் குடுக்கணும்னு மாத்தி போட்டு பாத்திருக்காங்க. சத்தம் தாங்காம பக்கத்து வகுப்பு சேர் வந்து எட்டி பாத்தாராம், அடுத்த வாரத்துல இருந்து மைதானத்துல வைக்கப் போறாங்க.